ஒய்டி-டிஎல்பில ஆடியோ இறக்கும்போது வர்ற சர்வர் எரர்கள்: ஒவ்வொரு ஸ்டெப்பா சரி பண்ண முழு வழிகாட்டி

யூட்யூப் மாதிரி சைட்லேருந்து ஆடியோ, வீடியோ இறக்க டெர்மினல்ல ஓட்டுற ப்ரோக்ராம் ஒய்டி-டிஎல்பி (yt-dlp). அதுல ஆடியோ இறக்கப் போய் 403, 429, 503ன்னு ஏதாவது ஒரு நம்பர் வந்து நின்னதும் பெரும்பாலானவங்க ஒரே வேலையைத்தான் செய்யுறாங்க. எரரை அப்படியே காப்பி பண்ணித் தேடி, யாரோ எப்பவோ போட்ட ஒரு நீளமான கமாண்டை எடுத்து ஒட்டிப் பாக்குறாங்க, அது ஓடலன்னா இன்னொண்ணு, அதுவும் ஓடலன்னா ரெண்டையும் சேத்து. நாலஞ்சு ஆப்ஷன் சேந்தப்பறம் எது எதைக் கெடுக்குதுன்னே தெரியாது. புதுசா வர்றவங்க திணறுறதை நிறைய பாத்தாச்சு, அவங்க எடுக்குற ஆப்ஷன்ல பல நேரம் தப்பே இருக்காது, அதைச் சேக்குற வரிசைதான் கெடுக்குது. அதனால இந்த வழிகாட்டியோட நம்பர் வரிசையைத் தயவுசெஞ்சு தாண்டாதீங்க.

இது யாருக்குன்னா, சொந்த சேனல்ல ஏத்துன கச்சேரியோட ஒரிஜினல் ஃபைல் தொலைஞ்சுபோனவங்க, கிரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ்ல இருக்கிற ஆடியோ வேணுங்கிறவங்க, கலைஞரே எடுத்துக்கோங்கன்னு சொன்ன பாட்டை இறக்குறவங்க. உரிமை இல்லாத பாட்டை இறக்குறது சட்டப்படியும் தப்பு, யூட்யூபோட விதிகள்படியும் தப்பு. அந்தப் பொறுப்பு உங்களுது.

இன்னொண்ணு, கமாண்டை எல்லாம் தமிழ் எழுத்துலதான் எழுதியிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. நீளமான ஆப்ஷனுக்கு முன்னாடி ரெண்டு ஹைஃபன், ஒத்தை எழுத்து ஆப்ஷனுக்கு ஒரு ஹைஃபன். நடுவுல ஹைஃபன் போட்டிருந்தா அதையும் அப்படியே போடணும். கேபிடல், ஸ்மால் வித்தியாசம் முக்கியம், கேபிடல் எஃப் வேற, ஸ்மால் எஃப் வேற.

1. முன்னாடியே இருக்க வேண்டியது

மூணு சாமான் வேணும். ஒய்டி-டிஎல்பி, எஃப்எஃப்எம்பெக், அப்பறம் டெனோ மாதிரி ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைம், அதாவது ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டுற ப்ரோக்ராம்.

எஃப்எஃப்எம்பெக் இல்லன்னா ஆடியோவைப் பிரிச்சு எம்பி3 ஆக்க முடியாது. ஃபைல் முழுசா இறங்கி, கடைசி நிமிஷத்துல எரர் அடிக்கும், அதைப் பாத்துட்டு சர்வர் பிரச்சினைன்னு நினைக்கிறவங்க நிறைய. நூறு சதவீதம் இறங்கினதுக்கு அப்பறம் வர்ற எரருக்கும் சர்வருக்கும் சம்பந்தமே இல்ல.

டெனோ எதுக்குன்னா, யூட்யூப் ஆடியோ லிங்க்கைக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஜாவாஸ்கிரிப்ட் புதிரைக் குடுக்கும், அதுக்கு விடை கண்டுபிடிச்சாத்தான் லிங்க் செல்லும். முன்னாடி இதை ஒய்டி-டிஎல்பியே உள்ளுக்குள்ள சமாளிச்சுது, புதிர் கஷ்டமாகிட்டே போனதால 2025 நவம்பர் ரிலீஸ்லேருந்து வெளில ஒரு ரன்டைம் வேணும்னு ஆயிடுச்சு. டெனோ 2 இருந்தா போதும், அதுவே கண்டுபிடிச்சுக்கும். டெனோவுக்குப் பதிலா நோட்ங்கிற ரன்டைம் வச்சிருக்கீங்கன்னா 20 இல்ல அதுக்கு மேல வெர்ஷன் இருக்கணும், கமாண்ட்ல ஜேஎஸ்-ரன்டைம்ஸ் நோட்னு சொல்லணும், சொல்லலன்னா இருந்தும் எடுத்துக்காது. ஆண்ட்ராய்டு போன்ல டெர்மக்ஸ்ங்கிற டெர்மினல் ஆப்ல ஓட்டுறவங்களுக்கு நோட் வழி சுலபம்.

பழைய வழிகாட்டி எதுலயும் இந்த மூணாவது சாமான் இருக்காது. அதைப் பாத்து இன்ஸ்டால் பண்ணவங்கதான் இப்ப அதிகமா மாட்டிக்கிறாங்க.

2. முதல்ல அப்டேட், மத்ததெல்லாம் அப்பறம்

யூட்யூப் பக்கம் ஏதாவது மாறினா ஒய்டி-டிஎல்பி உடையும், சில நாள்லயே டெவலப்பர்கள் சரி பண்ணிடுவாங்க. நீங்க பழைய வெர்ஷன்ல உக்காந்துகிட்டு எந்த ஆப்ஷனை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. வெர்ஷன் நம்பரே ஒரு தேதிதான், ஒய்டி-டிஎல்பி வெர்ஷன்னு அடிச்சா வருஷம், மாசம், நாள்னு காட்டும். 90 நாளுக்கு மேல பழசா இருந்தா அதுவே வார்னிங் குடுக்கும், ஆனா அதுவரைக்கும் காத்திருக்காதீங்க.

எப்படி இன்ஸ்டால் பண்ணீங்களோ அதே வழிலதான் அப்டேட் பண்ணணும். தனி எக்ஸ்இ ஃபைலா எடுத்திருந்தா ஒய்டி-டிஎல்பி ஹைஃபன் கேபிடல் யூ. பைத்தானோட இன்ஸ்டாலர் பிப் மூலமா போட்டிருந்தா கேபிடல் யூ வேலை செய்யாது, பிப் இன்ஸ்டால் ஹைஃபன் கேபிடல் யூ அடிச்சு, பேக்கேஜ் பேரை ஒய்டி-டிஎல்பி[டிஃபால்ட்]ன்னு டபுள் கோட்டுக்குள்ள போடணும். அந்தச் சதுர அடைப்புக்குள்ள இருக்கிற டிஃபால்ட்டை விட்டுட்டா மேல சொன்ன புதிரைத் தீர்க்கிற துணை ஸ்கிரிப்ட் கூட வராது, அப்ப டெனோ இருந்தும் பலன் இல்ல. உபுண்டு, டெபியன்ல ஏபிடி மூலமா போட்டது பெரும்பாலும் ரொம்ப பழசா இருக்கும், அதை எடுத்துட்டு வேற வழில போடுங்க.

ஸ்டேபிள், அதாவது வழக்கமான ரிலீஸை அப்டேட் பண்ணியும் அதே எரர்னா, புதுத் திருத்தங்கள் முன்னாடியே வர்ற நைட்லி வெர்ஷனுக்கு மாறுங்க. தனி எக்ஸ்இ ஃபைல்னா அப்டேட்-டு நைட்லின்னு குடுத்தா போதும், பிப்னா மேல சொன்ன பிப் கமாண்ட்லயே ப்ரீங்கிற (pre) ஆப்ஷனைச் சேருங்க. நைட்லின்னதும் பயந்து ஒதுங்குறாங்க, தேவையே இல்ல. தினமும் பயன்படுத்துறவங்க நைட்லியையே வச்சுக்கோங்கன்னு அந்தப் ப்ராஜக்ட்டே சொல்லுது.

இங்க ஒரு குழி இருக்கு. ஒரே மெஷின்ல பிப்ல ஒண்ணு, எக்ஸ்இயா ஒண்ணுன்னு ரெண்டு காப்பி கிடக்கும், நீங்க ஒண்ணை அப்டேட் பண்ணுவீங்க, ஓடுறது இன்னொண்ணு. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல வேர் (where) ஒய்டி-டிஎல்பின்னும் லினக்ஸ்ல விச் (which) ஹைஃபன் ஏ ஒய்டி-டிஎல்பின்னும் அடிச்சுப் பாருங்க. ரெண்டு பாத் வந்தா ஒண்ணை அழிச்சுடுங்க. அப்டேட் முடிஞ்சதும் வெர்ஷனை மறுபடி பாத்து, தேதி மாறியிருக்கான்னு உறுதி பண்ணிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும்.

3. ஒரே லிங்க், வெறும் கமாண்ட், வெர்போஸ்

பிளேலிஸ்ட்டை வச்சு எரர் தேடாதீங்க. ஒத்தை லிங்க் எடுங்க, ப்ரௌசர்ல லாகின் இல்லாம ப்ரைவேட் விண்டோல அது ஓடுதான்னு பாருங்க. அங்கயே ஓடலன்னா இங்க வெறும் கமாண்ட்லயும் வராது (ப்ரைவேட், வயசு கட்டுப்பாடுன்னா 7ஆம் ஸ்டெப்), அது ப்ரைவேட் வீடியோவாவோ உங்க நாட்டுல தடுக்கப்பட்டதாவோ வயசு கட்டுப்பாடு உள்ளதாவோ இருக்கும்.

லிங்க்கை டபுள் கோட்டுக்குள்ள வைங்க. யூட்யூப் லிங்க்ல & குறி வரும், கோட் இல்லன்னா டெர்மினல் அதை வேற கமாண்ட்னு நினைச்சு அங்கயே வெட்டிடும், அப்பறம் பாதி லிங்க்தான் போகும். பிளேலிஸ்ட்லேருந்து காப்பி பண்ண லிங்க்குன்னா நோ-பிளேலிஸ்ட் சேத்துக்கோங்க.

இப்ப அடிக்க வேண்டியது: ஒய்டி-டிஎல்பி, இக்னோர்-கான்ஃபிக், வெர்போஸ், ஹைஃபன் ஸ்மால் எக்ஸ், அப்பறம் லிங்க். அவ்வளவுதான்.

இக்னோர்-கான்ஃபிக் ஏன்னா, எப்பவோ யாரோ சொன்னாங்கன்னு கான்ஃபிக் ஃபைல்ல (ஒவ்வொரு தடவையும் தானா சேர வேண்டிய ஆப்ஷனை எழுதி வைக்கிற ஃபைல்) ஒரு எக்ஸ்ட்ராக்டர்-ஆர்க்ஸ் வரி போட்டு வச்சிருப்பீங்க, பிளேயர் கிளையன்ட்டை, அதாவது யூட்யூப்கிட்ட எந்த ஆப் மாதிரி போய்க் கேக்கணும்ங்கிறதை, ஆண்ட்ராய்டுன்னோ டிவின்னோ மாத்துற வரி. அன்னிக்கு அது வேலை செஞ்சிருக்கும், இன்னிக்கு அதுவே 403க்குக் காரணமா இருக்கும், நீங்க மறந்தே போயிருப்பீங்க. இந்த ஒரு ஆப்ஷனைச் சேத்ததும் எரர் போயிடுச்சுன்னா நேரா கான்ஃபிக் ஃபைலைத் தொறந்து அந்த வரியை எடுத்துடுங்க, மீதியைப் படிக்கவே வேண்டாம்.

4. எந்தக் கட்டத்துல உடையுதுன்னு பாருங்க

நம்பரைப் பாக்குறதுக்கு முன்னாடி இடத்தைப் பாக்கணும், ஏன்னா ஒரே 403 மூணு இடத்துல வரலாம், மூணுக்கும் மூணு வழி. வெர்போஸ் போட்டா வர்ற நீளமான எழுத்தைப் பாத்து மிரள வேண்டாம், அதுல பாக்க வேண்டியது கொஞ்சம்தான்.

மேல டீபக்னு ஆரம்பிக்கிற வரிகள் உங்க மெஷினைப் பத்தினது. அதுல எக்ஸ்இ வெர்ஷன்ஸ்னு ஒரு வரி, எஃப்எஃப்எம்பெக் இருக்கா இல்லையான்னு சொல்லும். ஜேஎஸ் ரன்டைம்ஸ்னு ஒரு வரி, அதுல டெனோ பேரும் வெர்ஷனும் வரணும், நன் (none, எதுவும் இல்ல)னு வந்தா 1ஆம் ஸ்டெப்புக்குத் திரும்பிப் போங்க. ப்ராக்ஸி மேப்னு ஒரு வரி, அது காலியா இருக்கணும். ஆபீஸ் லேப்டாப்ல பல நேரம் ஏதாவது ப்ராக்ஸி அங்க உக்காந்திருக்கும்.

அப்பறம் அடைப்புக்குள்ள யூட்யூப்னு ஆரம்பிக்கிற வரிகள். டவுன்லோடிங் வெப்பேஜ்னு ஒண்ணு, பிளேயர் ஏபிஐ ஜேசன்னு ஒண்ணோ ரெண்டோ, சால்விங் ஜேஎஸ் சேலஞ்சஸ்னு ஒண்ணு. இதுவரைக்கும் நடக்குறது விவரம் சேக்குற வேலைதான், பாட்டு இன்னும் இறங்க ஆரம்பிக்கல. அதுக்கப்பறம் இன்ஃபோன்னு ஆரம்பிச்சு, ஒரு ஃபார்மேட் டவுன்லோட் ஆகுது, 251ன்னு வரும். 251ங்கிறது ஓபஸ் ஆடியோ, 140ன்னா எம்4ஏ. கடைசியா டவுன்லோட் டெஸ்டினேஷன், அதாவது கூகுள்வீடியோ சர்வர்லேருந்து நிஜ ஃபைல் வர்ற கட்டம்.

எரர் வரியோட வார்த்தையே இடத்தைச் சொல்லிடும். அனேபிள் டு டவுன்லோட் வெப்பேஜ்னா முதல் கட்டம், உங்க நெட்டோ ஐபியோ (நெட்டுல உங்களுக்குக் கிடைச்ச முகவரி நம்பர்) பிரச்சினையா இருக்க வாய்ப்பு அதிகம். ஏபிஐ பேஜ்னா ரெண்டாவது கட்டம், பெரும்பாலும் அடையாளம் சம்பந்தப்பட்டது. அனேபிள் டு டவுன்லோட் வீடியோ டேட்டான்னா விவரம் எல்லாம் ஒழுங்கா கிடைச்சு ஃபைல் மட்டும் மறுக்கப்படுதுன்னு அர்த்தம். பாட்டு மட்டும் இறக்கினாலும் வீடியோ டேட்டான்னுதான் எழுதும், குழம்ப வேண்டாம்.

எரருக்கு மேல மஞ்சள் எழுத்துல வார்னிங் இருந்தா அதைத்தான் முதல்ல படிக்கணும். என் (n) சேலஞ்ச் சால்விங் ஃபெயில்ட், சில ஃபார்மேட் காணாம இருக்கலாம்னு ஒரு வார்னிங் வந்து, கீழ ரிக்வெஸ்டட் ஃபார்மேட் இஸ் நாட் அவைலபிள்னு எரர் வரும். எல்லாரும் கீழ இருக்கிற எரரைத் தேடுவாங்க, காரணம் மேல இருக்கும். அந்தப் புதிரைத் தீர்க்க முடியாததாலதான் ஃபார்மேட்டே கிடைக்கல, டெனோவையும் துணை ஸ்கிரிப்ட்டையும் சரி பண்ணா எரர் தானா போயிடும்.

5. 403

அதிகம் வர்றதும் அதிகம் தப்பாப் புரிஞ்சுக்கிறதும் இதுதான். நீ கேக்குறது புரியுது, ஆனா தர மாட்டேன்னு சர்வர் சொல்றது. ஃபைல் இறங்குற கட்டத்துல 403 வந்தா கீழ இருக்கிற வரிசைல பாருங்க, ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும், சரியானதும் நிறுத்திடுங்க.

முதல்ல ஆர்எம்-கேஷ்-டிர்னு ஒருக்கா அடிச்சு பழைய கேஷை அழிங்க. கெட்டுப்போன தகவல் ஏதாவது அதுல தங்கியிருந்தா போயிடும். செலவில்லாத வேலை, அதனாலதான் முதல்ல.

அடுத்தது ஐபி. கூகுள்வீடியோ லிங்க்குக்குள்ளயே ஐபின்னு ஒரு பகுதி, எக்ஸ்பயர்னு ஒரு பகுதி இருக்கும். எந்த ஐபிலேருந்து கேட்டீங்களோ அந்த ஐபிக்குத்தான் லிங்க் செல்லும், அதுவும் சுமார் 6 மணி நேரம்தான். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதி 403க்குக் காரணம் நீங்களே கண்டுபிடிச்சுடலாம். விவரம் எடுக்கும்போது விபிஎன் ஆன்ல இருந்து இறக்கும்போது கட் ஆனா 403. விவரம் ஐபிவி6ல போய் ஃபைல் ஐபிவி4ல போனா 403. ஹைஃபன் ஸ்மால் ஜி போட்டு லிங்க்கை மட்டும் எடுத்து ஃப்ரெண்டுக்கு அனுப்பினா அவருக்கு 403. நேத்து சேமிச்ச இன்ஃபோ ஜேசன் ஃபைலை இன்னிக்கு லோட் பண்ணா 403. அதனால விபிஎன்னை அணைங்க, ஃபோர்ஸ்-ஐபிவி4 சேத்துப் பாருங்க, லிங்க்கை ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்க விடுங்க.

அதுக்கப்பறம் ஃபார்மேட். ஹைஃபன் கேபிடல் எஃப் போட்டா கிடைக்கிற ஃபார்மேட் எல்லாம் லிஸ்ட்டா வரும். 251 மறுக்கப்பட்டா ஹைஃபன் ஸ்மால் எஃப் 140ன்னு கேட்டுப் பாருங்க. ஒவ்வொரு ஃபார்மேட்டும் வேற வேற கிளையன்ட் வழியா வந்திருக்கலாம், ஒண்ணு அடைபட்டா இன்னொண்ணு தொறந்திருக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலானவங்களுக்கு காதுல வித்தியாசம் தெரியாது.

இவ்வளவுக்கும் அசையல, இல்லன்னா கொஞ்சம் இறங்கிட்டு நடுவுல 403 வருதுன்னா பிஓ டோக்கன் பக்கம் வந்துட்டீங்கன்னு அர்த்தம். கேக்குறது நிஜமான ப்ரௌசர்தான், நிஜமான ஆப்தான்னு நிரூபிக்கிற ஒரு சீட்டு அது, சில கிளையன்ட்டுகளுக்கு இது இல்லாம யூட்யூப் ஃபைலைத் தராது. இதுக்குன்னு பிளகின் இருக்கு, ஒய்டி-டிஎல்பி விக்கில பிஓ டோக்கன் கைடுன்னு ஒரு பக்கம் இருக்கு, அதைப் படிச்சுப் போடுங்க. எங்கயாவது ஒருத்தர் போட்ட டோக்கனைக் காப்பி பண்ணி ஒட்டாதீங்க, அது அவரோட செஷனுக்கோ அந்த வீடியோவுக்கோ கட்டிப்போட்டது, உங்களுக்கு வேலை செய்யாது. பிளேயர் கிளையன்ட்டைக் கையால மாத்துறதும் இந்தக் கட்டத்துலதான் வரணும், அதுக்கு முன்னாடி வேண்டாம், எந்தக் கிளையன்ட் இப்ப ஓடுதுன்னு டிஃபால்ட்டா எடுத்து வைக்கிற வேலையை டெவலப்பர்கள் ஒவ்வொரு ரிலீஸ்லயும் செஞ்சுகிட்டேதான் இருக்காங்க.

யூட்யூப் இல்லாம வேற சைட்ல 403 வந்து, கூடவே கிளவுட்ஃப்ளேர் ஆன்டி-பாட் சேலஞ்ச்னு எழுதியிருந்தா அது முழுக்க வேற கதை. பிப்ல போடும்போது டிஃபால்ட்டோட கர்ல்-சிஎஃப்எஃப்ஐயையும் சேத்துப் போட்டு, இம்பெர்சனேட் குரோம்னு குடுத்துப் பாருங்க. ப்ரௌசர் எப்படி கனெக்ட் ஆகுமோ அதே மாதிரி கனெக்ட் ஆக இது உதவும்.

6. 429, பாட் இல்லன்னு நிரூபிக்கச் சொல்றது

429ன்னா நிறைய கேட்டுட்ட, கொஞ்சம் நிறுத்துன்னு அர்த்தம். இதுக்கு மருந்து காத்திருக்கிறதுதான். உடனே மறுபடி மறுபடி அடிச்சா தடை நீளும், இதை எத்தனை தடவை சொன்னாலும் எரர் வந்த அடுத்த நொடில மேல் அம்புக்குறியும் என்ட்டரும் தட்டுறவங்கதான் அதிகம்.

யூட்யூப்ல இதே தடை வேற முகத்தோடயும் வரும். இந்த கன்டென்ட் இப்ப கிடைக்காது, அப்பறம் முயற்சி பண்ணுங்கன்னு வந்தா உங்க செஷன் ஒரு மணி நேரம் வரைக்கும் முடக்கப்பட்டிருக்குன்னு அர்த்தம், வீடியோ போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. லாகின் இல்லாம மணிக்கு சுமார் 300 வீடியோ, லாகின் பண்ணா சுமார் 2000ன்னு ஒரு தோராயக் கணக்கை ஒய்டி-டிஎல்பி விக்கி சொல்லுது. அது உத்தரவாதம் இல்ல, அதுல பாதியைத் தாண்டாம இருந்தா நிம்மதி.

நீங்க பாட் (தானா ஓடுற ப்ரோக்ராம்) இல்லன்னு உறுதி செய்ய சைன் இன் பண்ணுங்கன்னு வந்தா, உங்க ஐபி மேலயே சந்தேகம். வாடகை சர்வர்ல ஓட்டுறவங்களுக்கும் விபிஎன்ல இருக்கிறவங்களுக்கும் இது சகஜம், ஏன்னா டேட்டா சென்டர் ஐபியிலேருந்து மனுஷங்க பாட்டு கேக்குறது அபூர்வம். மொபைல் டேட்டாலயும் வரலாம், அங்க ஒரே ஐபிவி4 அட்ரஸைப் பல பேர் பகிர்ந்துக்கிறாங்க, யாரோ செஞ்சதுக்கு உங்களுக்கு அடி விழும். ஏரோப்ளேன் மோட் போட்டு எடுத்தா பல நேரம் வேற ஐபி கிடைக்கும். வீட்டு பிராட்பேண்ட் இருந்தா அதுல ஓட்டிப் பாருங்க. அதுலயும் அதே மெசேஜ்னா அப்ப 7ஆம் ஸ்டெப்.

7. குக்கீஸ், கடைசியா மட்டும்

குக்கீஸ்னா ப்ரௌசர் சேமிச்சு வச்சிருக்கிற உங்க லாகின் தகவல். எந்த எரர் வந்தாலும் குக்கீஸ் போடுன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. நான் அதை இவ்வளவு கீழ வச்சிருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. குக்கீஸ் குடுத்ததும் நீங்க இறக்குற ஒவ்வொண்ணும் உங்க அக்கவுன்ட் பேர்ல பதிவாகும், அளவு மீறினா அந்த அக்கவுன்ட் தற்காலிகமாவோ நிரந்தரமாவோ முடக்கப்படலாம்னு ஒய்டி-டிஎல்பி ப்ராஜக்ட்டே எச்சரிக்குது. உங்க மெயில், ஃபோட்டோ, பேமென்ட் எல்லாம் இருக்கிற அக்கவுன்ட்டை இதுக்குக் குடுக்காதீங்க. மெம்பர்ஸ் ஒன்லி, ப்ரைவேட், வயசு கட்டுப்பாடு, இல்லன்னா மேல சொன்ன பாட் மெசேஜ், இதுக்கு மட்டும்தான் குக்கீஸ். சொந்த சேனல்ல ப்ரைவேட்டா வச்சிருக்கிற ஆடியோவை எடுக்கவும் இது வேணும்.

ஃபயர்ஃபாக்ஸ்னா சுலபம், குக்கீஸ்-ஃப்ரம்-ப்ரௌசர் ஃபயர்ஃபாக்ஸ். விண்டோஸ்ல குரோம், எட்ஜ்லேருந்து எடுக்கப் போனா டிபிஏபிஐல (விண்டோஸோட பூட்டு முறை) டீக்ரிப்ட் பண்ண முடியலன்னு எரர் வரும், 2024லேருந்து குரோம் தன் குக்கீஸை வேற விதமா பூட்டி வைக்குது, அதைப் போராடித் தொறக்க வேண்டாம், ஃபயர்ஃபாக்ஸுக்குப் போயிடுங்க.

ஃபைலா எடுக்கணும்னா வரிசை இப்படி. ப்ரைவேட் விண்டோ தொறந்து லாகின் பண்ணுங்க. அதே டேப்ல யூட்யூபோட ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி பக்கத்துக்குப் போங்க, வேற டேப் எதுவும் இருக்கக் கூடாது. அங்கேருந்து குக்கீஸை எக்ஸ்போர்ட் பண்ணிட்டு உடனே அந்த விண்டோவை மூடிடுங்க, திரும்பத் தொறக்காதீங்க. ஏன் இவ்வளவு சடங்குன்னா, தொறந்து கிடக்கிற யூட்யூப் டேப்ல குக்கீஸ் அடிக்கடி மாறிக்கிட்டே இருக்கும், நீங்க எடுத்த காப்பி சீக்கிரமே செத்துடும். சாதாரண விண்டோல எடுத்துட்டு அதே டேப்ல பாட்டு கேட்டுகிட்டே டவுன்லோட் போட்டா ஓடாததுக்குக் காரணம் இதுதான்.

குக்கீஸ் ஃபைல் குடுத்ததும் 400 பேட் ரிக்வெஸ்ட் வந்தா ஃபைலோட வரி முடிவுல கோளாறு. விண்டோஸ்ல எடுத்ததை லினக்ஸ்ல போட்டா இப்படி ஆகும், எடிட்டர்ல தொறந்து லைன் என்டிங்கை மாத்தி சேவ் பண்ணுங்க. அந்த ஃபைல் உங்க பாஸ்வேர்டுக்குச் சமம், யாருக்கும் அனுப்பாதீங்க.

8. 500, 502, 503, 504

5ல ஆரம்பிச்சா தப்பு அந்தப் பக்கம். உங்க பக்கம் மாத்த எதுவும் இல்ல, காத்திருங்க.

ஒய்டி-டிஎல்பி தானாவே 10 தடவை ரீட்ரை பண்ணும். ஆனா உடனுக்குடனே தட்டும், அதனால ரீட்ரை-ஸ்லீப் எக்ஸ்ப்=1:20ன்னு குடுங்க, முதல்ல ஒரு செகண்ட், அப்பறம் ரெண்டு, நாலுன்னு இடைவெளி கூடிக்கிட்டே போய் 20ல நிக்கும். தடுமாறிக்கிட்டிருக்கிற சர்வர் எழுந்திரிக்க நேரம் கிடைக்கும்.

இங்க ஒரு முக்கியமான விஷயம், ரீட்ரைஸ் எண்ணிக்கையை 100, 200ன்னு ஏத்தினா 403யும் போயிடும்னு ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டிருக்கு. ஒரே ஃபைலா இறங்குற ஆடியோல 5ல ஆரம்பிக்கிற எரருக்கும் கனெக்ஷன் அறுந்ததுக்கும்தான் அது திரும்ப முயற்சிக்கும், 403 வந்தா அந்த இடத்துலயே நிறுத்திடும். எண்ணிக்கையை ஏத்துறதுல அங்க எதுவும் மாறாது.

9. சின்னச் சின்ன நம்பர்கள், சர்வர் மாதிரி தெரியுற வேற கோளாறுகள்

404, 410ன்னா அது அங்க இல்ல. லிங்க்கை ப்ரௌசர்ல பாருங்க, முடிஞ்சது.

416 வந்தா, பாதில நின்ன பழைய பார்ட் ஃபைலும் சர்வர்ல இருக்கிற ஃபைலும் ஒத்துப்போகல. ஃபோல்டர்ல பார்ட்னு முடியுற ஃபைலை அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க.

401 சவுண்ட்க்ளவுட் மாதிரி இடத்துல வந்தா கேஷை அழிச்சுட்டு அப்டேட் பண்ணிப் பாருங்க.

கெட்அட்ரின்ஃபோ ஃபெயில்ட்னு வந்தா சர்வரைப் போய்ச் சேரவே இல்ல, சைட் பேரை ஐபியா மாத்துற டிஎன்எஸ்ல பிரச்சினை. சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்ட்னா முதல்ல மெஷினோட தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு பாருங்க, பழைய லேப்டாப்ல பேட்டரி செத்து தேதி பின்னாடி போயிருக்கும், சர்டிஃபிகேட் செல்லாததாத் தெரியும். அடுத்தது ஆன்டிவைரஸ், சிலது நடுவுல நுழைஞ்சு தன்னோட சர்டிஃபிகேட்டைக் காட்டும். நோ-செக்-சர்டிஃபிகேட்ஸ் போட்டா ஓடும்தான், ஆனா போடாதீங்க, முக்கியமா குக்கீஸ் குடுத்து ஓட்டும்போது. நடுவுல யார் இருக்காங்கன்னு பாக்காம சாவியை நீட்டுறதுக்கு ஒப்பு அது.

10. இப்ப பிளேலிஸ்ட்

ஒத்தை லிங்க் சுத்தமா இறங்கினதுக்கு அப்பறம்தான் இது.

டவுன்லோட்-ஆர்க்கைவ் போட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் பேரைக் குடுங்க. இறங்கினதோட ஐடியை அதுல எழுதி வச்சுக்கும், மறுபடி ஓட்டும்போது அதையெல்லாம் தாண்டிடும், தேவையில்லாம சர்வரைத் தட்டாது. ஹைஃபன் ஸ்மால் டி (t) ஸ்லீப்னு குடுத்தா ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல 10லேருந்து 20 செகண்ட் வரைக்கும் தானா நிறுத்தும். மெதுவாப் போகுதேன்னு இதை எடுத்துடுறவங்கதான் அரை மணில 429 வாங்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்காங்க.

இதோட ஸ்கிப்-பிளேலிஸ்ட்-ஆஃப்டர்-எரர்ஸ் 3ன்னு சேத்துடுங்க. இது இல்லன்னா என்ன ஆகும்னா, 40ஆவது பாட்டுல தடை விழும், ஒய்டி-டிஎல்பி அதை விட்டுட்டு 41க்குப் போகும், அதுவும் ஃபெயில், 42, 43ன்னு லிஸ்ட் முடியுற வரைக்கும் மூடின கதவைத் தட்டிக்கிட்டே போகும், தடை இன்னும் இறுகும். ராத்திரி போட்டுட்டுத் தூங்கப் போறவங்க இதை மறக்கவே கூடாது. பெரிய லிஸ்ட்டா இருந்தா ஹைஃபன் கேபிடல் ஐ 1:50, நாளைக்கு 51:100ன்னு பிரிச்சு எடுங்க.

11. எதுவுமே ஓடலன்னா

கிட்ஹப்ல ஒய்டி-டிஎல்பியோட இஷ்யூஸ் பக்கத்துல, அதாவது கோளாறுகளைப் பதிவு பண்ற இடத்துல, எரர் வரியைப் போட்டுத் தேடுங்க, மூடின இஷ்யூவையும் சேத்து. யூட்யூப் பக்கம் மாறின அன்னிக்கு உங்களை மாதிரியே நிறைய பேர் வந்து நிப்பாங்க, மேல பின் பண்ணி வச்சிருக்கிறதுலயே பதில் இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கனவே இருக்கிற இஷ்யூல எனக்கும் இதேதான்னு எழுதாதீங்க, சப்ஸ்க்ரைப் மட்டும் பண்ணிக்கோங்க, ஒவ்வொரு வெத்து கமென்ட்டும் டெவலப்பரோட நேரத்தைத் தின்னுது, அவங்க இதை ஓய்வு நேரத்துல செய்யுறவங்க.

புதுசாப் போடணும்னா நைட்லிலயும் அதே எரர் வருதான்னு பாத்துட்டுப் போடுங்க, முதல் கேள்வியே அதுதான் வரும். வெர்போஸ் அவுட்புட்டை முதல் வரிலேருந்து கடைசி வரி வரைக்கும் டெக்ஸ்ட்டா ஒட்டுங்க, ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், எரர் வரியை மட்டும் வெட்டியும் போடாதீங்க, 4ஆம் ஸ்டெப்ல பாத்த அந்த டீபக் வரிகள் இல்லாம யாராலயும் எதுவும் சொல்ல முடியாது. ஒட்டுறதுக்கு முன்னாடி யூசர்நேம், பாஸ்வேர்டு, டோக்கன், பாத்ல வர்ற உங்க பேர் இதெல்லாம் இருக்கான்னு ஒருக்கா மேலேருந்து கீழ படிச்சு எடுத்துடுங்க. இஷ்யூ டூப்ளிகேட்னு மூடப்பட்டா அவங்க காட்டுற ஒரிஜினலைத் தொறந்து அதைச் சப்ஸ்க்ரைப் பண்ணிட்டு, அது சரியாச்சுன்னு மெயில் வந்ததும் நைட்லியை அப்டேட் பண்ணி 3ஆம் ஸ்டெப்ல இருக்கிற வெறும் கமாண்டை ஓட்டிப் பாருங்க.